மூக்கு முழுகாத படகு

பிப்ரவரி 4

அடி தங்கச்சி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. அடுத்தவர்களை வைத்துச் சிரிப்பு மூட்டிவிட்டுப் போகிறவர்கள் எப்போதும் நலமாகத்தான் இருப்பார்கள்.

போனிலேயே பேசிவிடலாமே என்றார் உன் மாமா. போன வாரம் பேசிய லட்சணம்தான் தெரியுமே. நான் பாதி சொல்லும்போதே, "அக்கா, பின்னாடி வரிசையில ஆள் நிக்கறாங்க, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாய். கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் எல்லாருக்கும் ஒரே போன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உனக்குப் பிடிக்காத பேச்சு வரும்போது மட்டும் அந்த வரிசை எங்கிருந்து முளைக்கிறது? கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

முதலில் உன் படகு. "ஒரு ஓரமாக் கெடக்கட்டும்க்கா, லீவுல வந்து எடுத்துக்கறேன்" என்று விட்டுப் போனாய். அது ஓரமாகக் கிடக்கவில்லை. என் கடையில் துணி வெட்டும் மேசைக்கு அடியில் கிடக்கிறது. நாள் முழுக்க நான் நின்று திரைச்சீலை வெட்டும் இடம் அது. இடித்து இடித்து என் முட்டி கன்றிப்போய்விட்டது. அளவு சொல்ல வருகிறவர்கள் குனிந்து பார்த்து, "இது என்னங்க, குழந்தையைக் குளிப்பாட்டற தொட்டியா?" என்று கேட்கிறார்கள். இதற்குப் பெயர் கயாக், என் தங்கை இதில் ஏறித் தண்ணீரில் கரணம் அடிப்பாள் என்று விளக்கியே எனக்குத் தொண்டை காய்கிறது.

அடுத்தது வாளி.

என் மாமியார் வீட்டு விருந்தில், மேசையைச் சுற்றி எல்லாரும் உன் கரண வீடியோவைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். என் நாத்தனார், "உங்க வீட்ல எல்லாருக்குமே இந்தத் தைரியம் உண்டா?" என்று கேட்டாள். நீ என்ன சொன்னாய்? "யாரு, எங்க அக்காவா! சின்ன வயசுல வாளித் தண்ணிக்கே பயந்து, வாளியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுத்தான் குளிப்பா." மேசையே குலுங்கிச் சிரித்தது. உன் மாமாவும் சிரித்தார்.

வாளியைப் பிடித்துக்கொண்டு குளித்தது யார் என்று உனக்குத் தெரியும். வாளி விளிம்பிலிருந்து உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு உன் தலைக்குத் தண்ணீர் ஊற்றியவள் நான். அதை அன்றைக்கே சொல்லியிருப்பேன். தங்கச்சி பெருமையாக உட்கார்ந்திருக்கிறாளே என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்குக் கிடைத்த பலன், நாத்தனார் இன்று வரை என்னை "வாளி அண்ணி" என்றுதான் கூப்பிடுகிறாள். அவள் பிள்ளைகளுக்கு நான் "வாளி அத்தை". நேற்று உன் மாமா வாய் தவறி, "வாளி, என் கண்ணாடியைப் பார்த்தியா?" என்றார். அவருக்கு நேற்றுச் சாப்பாடு கிடையாது.

படகை எடுத்துக்கொண்டு போ. அதற்கு முன்னால் அந்த மேசையில் சிரித்த எல்லாரிடமும் உண்மையைச் சொல்.

இப்படிக்கு,
வாளி


பிப்ரவரி 15

அக்கா,

கடைசியில் நீ போட்டிருந்த பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம் முழுக் கடிதத்தையும் மறுபடி படித்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

ஒரு விளையாட்டுப் பேச்சை இப்படி மூட்டை கட்டி வைத்திருப்பாய் என்று நினைக்கவே இல்லை. சரி, வாளி என்னுடையதுதான். ஆனால் நீயும் இதுவரை தண்ணீரில் இறங்கியதில்லையே? ஏரிக்கரைக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டாய். அப்படிப் பார்த்தால் நான் சொன்னதில் பாதி நிஜம்.

ஒன்று செய்வோமா? படகு உன் காலடியிலேயே இருக்கிறது. நான் ஜூனில் லீவில் வருவதற்குள் ஏரியில் ஒரே ஒரு முழுக் கரணம் அடி. படகின் முன்முனையான மூக்கு ஒரு தரம் தண்ணீருக்குள்ளே, பின்முனையான வால் ஒரு தரம் உள்ளே, நடுவில் நிற்கக் கூடாது. அடித்துவிட்டால் படகு உனக்கே. வாளி விஷயத்தையும் எல்லாரிடமும் நானே சொல்கிறேன். முடியாவிட்டால் நீ வாளியாகவே இரு. படகும் என் அடுத்த லீவு வரை மேசைக்கு அடியிலேயே கிடக்கட்டும்.

எப்படி என்று சொல்கிறேன், கவனமாகப் படி. இடுப்பால் படகை ஒரு பக்கம் சாய்த்துக்கொள். உடம்பு நேராக இருக்கட்டும், படகு மட்டும் சாய வேண்டும். சாய்ந்த பக்கம் துடுப்பைப் போட்டு ஓர் இழுப்பு. மூக்கு கொஞ்சம் மேலே எழும். எழுந்த கையோடு, அதே பக்கம் துடுப்பின் முதுகால் தண்ணீரை அமுக்கி, உன் முழுக் கனத்தையும் முன்னால் போடு. மூக்கு உள்ளே போகும். போனதும் தலையைத் திருப்பு, தோளைத் திருப்பு, இழு. வால் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு வந்து தண்ணீரில் விழும்.

ஆற்றில் என்றால் தண்ணீர் பாதி வேலையைச் செய்துவிடும். ஏரித் தண்ணீர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் நீதான் செய்ய வேண்டும்.

உயிர் காக்கும் உடுப்பு இல்லாமல் இறங்காதே. இடுப்பைச் சுற்றி மூடும் ரப்பர் துணியின் முன்னால் ஒரு பட்டை தொங்கும். கவிழ்ந்தால் அதை இழுத்துத்தான் வெளியே வர வேண்டும். தொங்குவது அசிங்கமாக இருக்கிறது என்று அதை உள்ளே மடித்துத் தைத்துவிடாதே. உன் புத்தி எனக்குத் தெரியும். மூக்குக்குள்ளேயும் வாலுக்குள்ளேயும் ஊதி வைத்த காற்றுப்பைகள் இருக்கும். அவற்றைத் தொடாதே.

நான் இங்கே கிரேன் ஓட்டுகிறேன். நாலு பக்கமும் கடல். விரல் நனைக்கக்கூட அனுமதி இல்லை. உன் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

தங்கச்சி


மார்ச் 2

தங்கச்சி,

பந்தயத்துக்குச் சரி. நீ எழுதியிருக்கும் தோரணைதான் தாங்க முடியவில்லை. இடுப்பால் சாய்த்துக்கொள், தலையைத் திருப்பு, இழு. என்னமோ ரவிக்கைக்குக் கொக்கி வைக்கச் சொல்வது போல எழுதிவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டுப் போனோம். உன் மாமா படகைக் காரின் கூரையில் வைத்துக் கட்டினார். நான் அதை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அவர் முடிச்சுப் போடும் அழகுக்கு, படகு பாதி வழியிலேயே இறங்கிப் போயிருக்கும்.

ஏரியில் மிதிபடகு வாடகைக்கு விடுகிறாளே ஒருத்தி, கழுத்தில் விசிலோடு? அவளை இங்கே எல்லாரும் விசில்காரி என்றுதான் சொல்கிறார்கள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான் விசில் அடிச்சா உடனே கரைக்கு வந்துடணும். அடிக்கலைன்னா என்ன வேணா பண்ணிக்கோங்க" என்றாள். கேட்பதற்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது பார்.

உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் இடம் விட்டது. நான் ஒரு பக்கம் ஆடுகிறேன், படகு ஒரு பக்கம் ஆடுகிறது. காரில் மிச்சமாகக் கிடந்த கடை ஸ்பாஞ்சை வெட்டி இடுப்புக்கு இரண்டு பக்கமும் அடைத்தேன். அந்த ரப்பர் துணிக்குப் பாவாடை என்று பெயராம், விசில்காரி சொன்னாள். அதன் முன்பக்கத்தைப் பொருத்தினால் பின்பக்கம் கழன்றுகொள்கிறது. பின்பக்கம் பொருத்தினால் முன்பக்கம் முகத்தில் அடிக்கிறது. எத்தனை வருஷமாகத் துணியோடு பழகுகிறேன், எந்தத் துணியும் என்னை அடித்ததில்லை.

சரி, பொருத்தினேன். சாய்த்தேன். கவிழ்ந்தேன். பட்டையை இழுத்து வெளியே வந்தேன். படகைக் கரைக்கு இழுத்து, குப்புறப் போட்டு, உள்ளே இருந்த தண்ணீரை வடித்து, மறுபடி ஏறி, மறுபடி பாவாடை, மறுபடி கவிழ்ந்தேன். காலையிலிருந்து மதியம் வரை நான் செய்தது படகில் தண்ணீர் கொண்டுவந்து கரையில் ஊற்றியது மட்டும்தான். மிதிபடகில் வந்த ஒரு குடும்பம் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தது. அந்த வீட்டுக் குட்டிப் பெண், "அம்மா, அந்த ஆன்ட்டி ஏன் விழுந்துக்கிட்டே இருக்காங்க?" என்று கேட்டாள். எனக்கும் அதுதான் தெரியவில்லை.

மூக்கு உள்ளே போகவே இல்லை. அமுக்கினால் ஒரு சாண் இறங்கி, ஈரக் கையில் சோப்பு நழுவுவது போல வெளியே வந்துவிடுகிறது. ஏன்?

பயமாக இருந்ததா என்று கேட்பாய். இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது.

வாளி


மார்ச் 13

அக்கா,

நீ இறங்குவாய் என்று நான் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு வாரத்தில் விட்டுவிடுவாய் என்றுதான் நினைத்தேன்.

மூக்கு ஏன் போகவில்லை என்றால் நீ அமுக்குவதற்கு முன்னாலேயே பயந்து பின்னால் சாய்கிறாய். பார்க்காமலேயே சொல்கிறேன். முதலில் எல்லாரும் அப்படித்தான். கனத்தை முன்னால் போடு, முகம் தண்ணீரில் படுகிற அளவுக்கு. அப்புறம் நேரம். இழுப்பு முடிந்து மூக்கு எழுந்து நிற்கும் நொடியில் அமுக்க வேண்டும். நீ தாமதமாக அமுக்குகிறாய். இழுக்கவும் இல்லை, தடவுகிறாய். இழு அக்கா, நன்றாக இழு.

இங்கே எனக்கும் நாள் சரியில்லை. காற்று அடிக்கிறது என்று கிரேனை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கொக்கி தொங்குவதைப் பார்த்துக்கொண்டு ஓட்டுநர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். உன் கடிதத்தைக் கூட வேலை செய்பவளுக்குப் படித்துக் காட்டினேன். பாவாடை முகத்தில் அடித்த இடத்தில் அவளுக்குப் புரை ஏறிவிட்டது.

தங்கச்சி


மார்ச் 31

தங்கச்சி,

என் கடிதத்தை இன்னொருத்திக்குப் படித்துக் காட்டினாயா? நல்லது. ஊருக்கே வாசித்து முடித்துவிட்டு மிச்சம் இருந்தால் எனக்கும் அனுப்பு.

நீ சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். பின்னால் சாயவில்லை. விசில்காரியைக் கரையில் நிற்க வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவளும் பார்த்தாள். முகம் தண்ணீரில் படுகிற அளவுக்குக் குனிந்தேன். முகம் என்ன, முழுத் தலையும் பட்டது. நேரமும் பழகிவிட்டது. மெஷினில் கால் மிதிக்கிற மாதிரி எண்ணிக்கொண்டு செய்கிறேன், இழு, அமுக்கு, இழு, அமுக்கு. ஞாயிறு தவறாமல் போகிறேன். இப்போதெல்லாம் புதன்கிழமையும் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுப் போகிறேன். தோள் வலியில் கத்தரி பிடிக்க முடியவில்லை. ஒரு வீட்டுக்கு ஜன்னல் திரை முழுவதையும் தப்பாக வெட்டிவிட்டேன். என் கை இதுவரை அளவு தப்பியதே இல்லை.

ஆனால் மூக்கு முழுகவில்லை. பாதி போகிறது, நிற்கிறது, என்னை ஒரு பார்வை பார்க்கிறது, வெளியே வந்துவிடுகிறது. தண்ணீரைப் பார்த்துக் கத்திவிட்டேன். கரையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

போன ஞாயிறு வீட்டுக்கு ஈரத்தோடு வந்து நின்றால், நாத்தனார் வந்து உட்கார்ந்திருக்கிறாள். "என்ன வாளி அண்ணி, வாளி கவுந்துடுச்சா?" என்றாள். உன் மாமா சிரிப்பை அடக்குவதற்காகத் தண்ணீர் குடித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா? கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு என்ன தெரியும்? உன் மேல்தான்.

இன்னொரு விஷயம். விசில்காரி இன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, "ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? இந்தப் படகு உங்க அளவு இல்லம்மா. பெரிய உடம்புக்காரங்க படகு இது. உங்க எடைக்கு இந்த மூக்கு எப்படி இறங்கும்?" என்றாள். நான் உன் தோளுக்கு வருகிறேன். நீ என்னைவிட எவ்வளவு கனம் என்று நான் எழுதப் போவதில்லை, அப்புறம் அதற்கும் சண்டைக்கு வருவாய். ஆனால் யோசித்துப் பார். உன் அளவில் தைத்த சட்டையை எனக்குப் போட்டுவிட்டு, தோள் நிற்கவில்லை, கை நிற்கவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாய். முதல் நாளே இடுப்புக்கு ஸ்பாஞ்ச் அடைத்தேனே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அளவு எடுக்காமல் நான் இறங்கிய ஒரே வேலை இதுதான்.

படகு தப்பு. பந்தயமும் தப்பு. ஒப்புக்கொள்கிறாயா?

வாளி


ஏப்ரல் 9

அக்கா,

படகைக் குறை சொல்லாதே.

இது எல்லாரும் செய்வதுதான். மூக்கு இறங்காவிட்டால் முதலில் துடுப்பு சரியில்லை என்பார்கள், அப்புறம் படகு சரியில்லை என்பார்கள், அப்புறம் ஏரி சரியில்லை என்பார்கள். மிதிபடகு விடுகிறவளுக்குக் கரணத்தைப் பற்றி என்ன தெரியும்? நான் அதே படகில்தான் கற்றுக்கொண்டேன். எனக்கும் மாதக்கணக்கில் வரவில்லை. நான் யாருக்கும் கடிதம் எழுதிப் புலம்பவில்லை.

உனக்கு விட்டுவிட ஆசை இருந்தால் விட்டுவிடு. நேராகச் சொல்லிவிட்டு விடு. நாத்தனார் சிரித்தாள், மாமா தண்ணீர் குடித்தார் என்றெல்லாம் என் மேல் ஏற்றாதே.

தங்கச்சி


ஏப்ரல் 18

உன் கடிதம் கிடைத்தது.

விடவில்லை.


மே 6

அக்கா,

தபால் கொண்டுவரும் சாமான் கப்பல் இரண்டு தரம் வந்து போய்விட்டது. எல்லாருக்கும் ஏதாவது வந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. நீ கடைசியாக எழுதிய அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெயர்கூடப் போடவில்லை. வாளி என்றாவது போட்டிருக்கலாம்.

போன் செய்தேன். மாமாதான் எடுத்தார். "உங்க அக்கா ஏரிக்குப் போயிருக்கா" என்றார். "எப்படி இருக்கா மாமா?" என்று கேட்டால், "அவ கடையில என்னமோ சின்னச் சின்னப் பையாத் தெச்சுக்கிட்டிருக்கா. கேட்டா முறைக்கறா. நான் எதுவும் கேட்கறதில்ல" என்றார். என்ன பை அது?

அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். அன்றைக்கு இங்கே ஒரு பாரத்தை இறக்கும்போது கயிறு முறுக்கிக்கொண்டது. மேலதிகாரி எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார். அந்தக் கோபத்தில் உட்கார்ந்து எழுதினேன். அனுப்பியிருக்கக் கூடாது.

தோள் வலித்தால் ஒரு வாரம் விடு. ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

தங்கச்சி


மே 20

தங்கச்சி,

நிதானமாகப் படி. முதலில் நல்லது, அப்புறம் கெட்டது. கெட்டது உன் படகைப் பற்றியது.

பை என்ன என்று கேட்டாயே. திரைச்சீலை காற்றில் பறக்காமல் நேராகத் தொங்க வேண்டும் என்றால் அடிமடிப்பில் ஈயத் துண்டு வைத்துத் தைப்பேன், நீயும் பார்த்திருக்கிறாய். என் எடைக்கு மூக்கு இறங்காது என்றால் மூக்குக்கு எடை போட்டால் போகிறது என்று தோன்றியது. உன் கடிதத்தைப் படித்த கோபத்தில்தான் தோன்றியது, அதனால் அதற்கு உனக்கு நன்றி. கெட்டித் துணியில் நீளப் பைகள் தைத்து ஈயத்தை நிரப்பி மூக்குக்குள் திணித்தேன். இடம் போதவில்லை. அங்கே இருந்த காற்றுப்பையை எடுத்துவிட்டேன். ஒரு பக்கம் மட்டும் கனம் வைத்தால் திரை கோணிக்கொள்ளும், இதுவும் அப்படித்தானே என்று வாலிலும் காற்றுப்பையை எடுத்துவிட்டு ஈயம் வைத்தேன். நீ தொடாதே என்று எழுதியிருந்தாய், ஞாபகம் இருக்கிறது. ஏன் என்று எழுதியிருந்தால் தொட்டிருக்க மாட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம். விசில்காரி அந்தப் பக்கம் திரும்பி, நேரம் தாண்டியும் வராத மிதிபடகுக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் சாய்த்தேன், இழுத்தேன், அமுக்கினேன். தங்கச்சி, மூக்கு போயிற்று! முட்டி வரைக்கும் போயிற்று, இடுப்பு வரைக்கும் போயிற்று. அடுத்தது நீ சொன்னபடி தலையைத் திருப்பி இழுக்க வேண்டும். திருப்பினேன், ஆனால் இழுக்க மறந்துவிட்டேன். துடுப்பு சும்மா கையில் இருந்தது, கனமே இல்லை. இழுக்காமலேயே அது என்னைத் தூக்கிப் போட்டது. இத்தனை மாதம் உள்ளே போக மாட்டேன் என்று என்னோடு மல்லுக்கு நின்ற அதே மூக்குதான் கீழேயிருந்து என்னை எம்பித் தள்ளியது. வால் சுற்றிக்கொண்டு வந்து விழுந்தது, உள்ளே போனது, மூக்கு என் கண்ணுக்கு முன்னால் வானத்தில் நின்றது. முழுக் கரணம். நடுவில் நிற்கவில்லை.

"ஐயோ!" என்று கத்தினேன். சந்தோஷத்தில்தான். கத்திக்கொண்டே கவிழ்ந்தேன்.

இனிமேல் கெட்டது. பட்டையை இழுத்து வெளியே வந்தேன். எப்போதும் போலப் படகு பக்கத்தில் மிதக்கும் என்று கையை நீட்டினேன். படகு இல்லை. உள்ளே தண்ணீர் ஏற ஏற, என் கண் முன்னாலேயே வாலை ஆட்டிக்கொண்டு மெதுவாகக் கீழே போய்விட்டது. விசில்காரி நான் கத்தியதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், தண்ணீர் நடுவில் நானும் துடுப்பும்தான் இருக்கிறோம். "படகு எங்கம்மா?" என்றாள். நான் கீழே கையைக் காட்டினேன். அவளுக்கு விசில் ஊதுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை.

நீளக் கழியை விட்டுப் பார்த்தோம். அந்த இடம் ஆழம், அடியில் சேறு. கிடைக்கவில்லை.

ஆக, உன் படகை மூழ்கடித்துவிட்டேன். கரணம் அடித்தேன் என்பதற்குச் சாட்சி ஒருத்தரும் இல்லை. இன்னொரு தரம் அடித்துக் காட்டலாம் என்றால் படகும் இல்லை. உன் மாமாவிடம் சொன்னேன். "நெஜமாவா?" என்றார். அவர் நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த "நெஜமாவா" எனக்குப் போதவில்லை. நாத்தனாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை. ஒரு தரம், வாழ்க்கையிலேயே ஒரு தரம் வந்தது, அதையும் யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாளாகக் கடையில் உட்கார்ந்து இதையே நினைத்து நினைத்துப் பல்லைக் கடிக்கிறேன். மேசைக்கு அடியில் இப்போது தாராளமாக இடம் இருக்கிறது. ஆனாலும் இன்னும் ஒதுங்கி நின்றுதான் வெட்டுகிறேன்.

பந்தயத்தில் நான் தோற்றதாகவே வைத்துக்கொள். படகுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல், செய்கிறேன்.

அக்கா


மே 29

அக்கா,

கப்பல் கிளம்புவதற்குள் கொடுக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். கோழி கிறுக்கிய மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ உயிரோடு கரைக்கு வந்தாயே, அதுவே போதும். காற்றுப்பையை ஏன் தொடக் கூடாது என்று நான் எழுதியிருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் ஏறினாலும் படகை மிதக்க வைப்பது அதுதான். வெறுமனே தொடாதே என்று சொன்னால் நீ கண்டிப்பாகத் தொடுவாய் என்று எனக்குத் தெரியாதா?

எடை விஷயமும் உண்மை. விசில்காரி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நாள் முழுக்க ஒவ்வொரு பாரமும் எவ்வளவு கனம் என்று பார்த்துப் பார்த்துத் தூக்குகிறவள் நான். உன் கனத்தை ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. எனக்கு அந்தப் படகு பொருந்தியது, அதனால் எல்லாருக்கும் பொருந்தும் என்று நினைத்துவிட்டேன். அதற்கு மேல் உன்னைத் திட்டவும் செய்தேன்.

சாட்சி இல்லை என்கிறாய். எனக்குச் சாட்சி வேண்டாம். இழுக்க மறந்துவிட்டேன், துடுப்பில் கனமே இல்லை, மூக்கே என்னைத் தள்ளியது என்று எழுதியிருக்கிறாய் பார், அதை நான் உனக்குச் சொல்லவே இல்லை. உன்னிடமிருந்து மட்டும் மறைக்கவில்லை, யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் சொல்ல மாட்டேன். முன்கூட்டியே சொன்னால் இழுப்பதையே விட்டுவிடுவார்கள். அதனால்தான் கடிதத்துக்குக் கடிதம் இழு, இழு என்று எழுதினேன். மூக்கு முழுசாக உள்ளே போனவளுக்கு மட்டும்தான் அந்த இடம் தெரியும். கேள்விப்பட்டு எழுத முடியாது. நீ போயிருக்கிறாய், அக்கா. அந்த வரியைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஆகவே பந்தயத்தில் ஜெயித்தது நீ. கரணம் அடித்த நொடியிலேயே படகு உன்னுடையது ஆகிவிட்டது. அதற்கு அப்புறம்தானே அது முழுகியது? நீ மூழ்கடித்தது உன் படகை. எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஜூனில் வந்து நான் தூக்கித் தருகிறேன். தூக்குவதுதானே என் பிழைப்பு. அதை விற்றுவிட்டு உன் அளவுக்கு ஒன்று வாங்கிக்கொள். இந்தத் தடவை அளவு எடுத்துவிட்டு வாங்கு.

இன்னொன்று பாக்கி இருந்தது. அதை ஜூன் வரை தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. நேற்று உன் மாமியார் வீட்டுக்குப் போன் செய்தேன். உன் நாத்தனார்தான் எடுத்தார். எல்லாரையும் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அன்றைக்கு மேசையில் எல்லாரும் என்னைத் தூக்கி வைத்துப் பேசியபோது எனக்கு அந்த வாளிதான் ஞாபகம் வந்தது. கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, வாயில் உன் பெயர் வந்துவிட்டது. அதை அப்படியே சொன்னேன். "வாளியைப் பிடிச்சுக்கிட்டு அழுதது நான்தாங்க. என் கையைப் பிரிச்சுவிட்டுத் தலைக்கு ஊத்தினது எங்க அக்கா. இப்போ ஏரியில கரணம் அடிச்சிருக்கா, அதையும் கேட்டுக்கோங்க." அப்புறம் உன் நாத்தனார் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து. சிரித்து முடித்துவிட்டு, "அண்ணி ஒரு வார்த்தை சொல்லலையே எங்ககிட்ட" என்றார். அவர் குரல் கொஞ்சம் இறங்கிப் போயிருந்தது.

என் பின்னால் வரிசையில் நிஜமாகவே ஆள் நின்றார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அவர்கள் காதில் விழுந்துவிட்டது. இன்று காலை கிரேனில் ஏறுவதற்குள் மேடை முழுக்கச் செய்தி பரவி, சமையல்காரரிலிருந்து மேலதிகாரி வரைக்கும் எனக்கு ஒரே பெயர்தான்.

இப்படிக்கு,
வாளி